ஆர்டர் இருக்கிறது, பணம் மட்டும் 120 நாள் தள்ளி வருகிறது: என்ன செய்வது?

கோவையில் சிஎன்சி மெஷின்கள் போட்டு, பம்ப், வால்வு கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆண்டு விற்பனை சுமார் 6 கோடி. ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய பார்ட்டிகளிடமிருந்து பணம் வர 120 நாள் ஆகிறது. சிசி கணக்கு (வங்கி தரும் நடைமுறை மூலதனக் கடன்) எப்போதும் லிமிட்டைத் தொட்டே நிற்கிறது. எஸ்எம்இ ஐபிஓ போகலாம், அதாவது சிறு நிறுவனச் சந்தையில் பங்கு வெளியிடலாம் என்கிறார் ஒருவர், பில்லின் மேல் முன்கூட்டியே பணம் தரும் இணையத் தளமான ட்ரெட்ஸில் சேருங்கள் என்கிறார் இன்னொருவர், வசூலைத் துரிதப்படுத்தும் ஏஐ சாஃப்ட்வேர் தருகிறேன் என்கிறார் மூன்றாமவர். எதைச் செய்வது?

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஐபிஓ வேண்டாம். சாஃப்ட்வேர் இப்போதைக்குத் தேவையில்லை. ட்ரெட்ஸ் வேண்டும். ஆனால் ட்ரெட்ஸ் உங்கள் கையில் மட்டும் இல்லை. நீங்கள் ஏற்றும் பில்லை உங்கள் பார்ட்டி அங்கே ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் நாட்டுச் சிறுதொழிலின் பணப் பிரச்சினை பெரும்பாலும் அந்த ஒரு சம்மதத்தில்தான் சிக்கிக் கிடக்கிறது என்பது இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்து நான் கண்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 6 கோடி விற்பனை என்றால் மாதம் 50 லட்சம். 120 நாள் என்றால் எந்த நேரத்திலும் உங்கள் பணம் 2 கோடி வெளியே நிற்கிறது. 11 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 22 லட்சம். உங்கள் நிகர லாபம் 5 சதவீதம் என்றால் அது 30 லட்சம். அதாவது, லாபத்தில் முக்கால் பங்குக்கு நிகரான தொகை காத்திருப்பதற்கே போகிறது. இதே பணம் 45 நாளில் வந்தால் வெளியே நிற்பது 75 லட்சம்தான், வட்டி எட்டேகால் லட்சம். வங்கியில் அரை சதவீதம் வட்டி குறைக்கச் சொல்லி அலைவதைவிட, 75 நாளைக் குறைப்பது எத்தனையோ மடங்கு பெரிய விஷயம். நம்மில் பலர் வட்டி விகிதத்தையே பார்த்துக்கொண்டு நாட்களைக் கவனிக்காமல் விடுகிறோம்.

இதில் ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை. 18 சதவீத வரி உள்ள பாகம் என்றால் அந்த 2 கோடிக்கு மேல் 36 லட்சம் வரி. இரும்பு, வார்ப்பு வாங்கும்போது கட்டிய வரி ஒரு பகுதி, மீதி நீங்கள் ரொக்கமாகக் கட்டுவது. பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்று அரசு பார்ப்பதில்லை. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்து வரியைக் கட்டிவிட வேண்டும். கட்டியதும் என்ன ஆகிறது? உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராத பார்ட்டி, நீங்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துத் தன் வரியைக் குறைத்துக்கொள்கிறார். 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்த வரவைத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் 180 நாள் என்பது ஆறு மாதம். அதுவரை சிறியவர் பணத்தில் பெரியவர் வரி கட்டுகிறார். இது சட்டப்படியே நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்காத விஷயம்.

வங்கிப் பக்கமும் இதே கதைதான். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு, பாக்கி விவரம்) கொடுக்கிறீர்கள். பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கில் சேர்க்காது, டிராயிங் பவர், அதாவது நீங்கள் எடுக்கக்கூடிய தொகை, அந்த அளவுக்கு இறங்கிவிடும். பார்ட்டி தாமதம் செய்யச் செய்ய உங்கள் லிமிட் சுருங்குகிறது. பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் கிடைக்கும் பணம் குறைகிறது.

சரி, இந்த 120 நாள் எங்கே போகிறது என்று பாருங்கள். சரக்கு கேட்டில் நுழைந்ததும் ஒரு பதிவு. அப்புறம் ஸ்டோர்ஸ், இன்ஸ்பெக்‌ஷன், அதன் பிறகு ஜிஆர்என் (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவுச் சீட்டு). பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என், பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் அக்கவுண்ட்ஸில் பில் புக் ஆகும். கிரெடிட் நாள் கணக்கு பில் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். பல கம்பெனிகளில் அது பில் புக் ஆன தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. கெடு முடிந்த பிறகும் மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ மட்டுமே பேமென்ட் ஓட்டுவார்கள். உங்கள் கெடு 11ஆம் தேதி முடிந்து, பேமென்ட் 10ஆம் தேதி ஓடியிருந்தால் அடுத்த சுற்று வரை காத்திருப்பு. எனக்குத் தெரிந்த ஒரு பெரிய இடத்தில், பர்ச்சேஸ் ஆர்டரின் வரிசை எண் ஒன்று மாறியிருந்ததற்காக மூன்று வாரம் கழித்து பில் திரும்பி வந்தது. பாகம் அதற்குள் அவர்கள் பம்பில் ஏறி, பம்ப் விற்றும் போய்விட்டது. 60 நாள் என்று எழுதியது 120 ஆவது இப்படித்தான். இதில் பெரும்பகுதி யாரும் திட்டமிட்டுச் செய்வது இல்லை. ஆனால் இதைச் சரிசெய்ய அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு தாமத நாளும் அவர்களுக்கு வட்டியில்லாத கடன்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, நல்ல சட்டம்தான். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 என்றால் 18 சதவீதம். மாநில அரசின் வசதியாக்கக் கவுன்சிலில் முறையிடலாம். 2017 அக்டோபரிலிருந்து இணையம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து பார்ட்டி நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இதைவிடப் பலமான பாதுகாப்பு கடன் கொடுத்த வேறு யாருக்கு இருக்கிறது?

ஆனால் மனு போட்ட மறுநாள் ஆர்டர் நின்றுவிடும். அதனால் தொழிலை மூடும் நிலைக்கு வந்தவர்கள், அல்லது அந்தப் பார்ட்டியை விட்டு விலக முடிவெடுத்தவர்கள்தான் பெரும்பாலும் கவுன்சிலுக்குப் போகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் உறவில் இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடிவதில்லை.

இதைப் புரிந்துகொண்டுதான் 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிப் பக்கமிருந்து ஒரு பிடி போட்டார்கள், 43பி (எச்). குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தக் கொள்முதலை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. உண்மையில் எப்போது பணம் தருகிறார்களோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். சிறியவர் யாரும் புகார் கொடுக்கத் தேவையில்லை, வருமான வரித் துறையே கேட்கும். யோசனை அருமை. ஓட்டை எங்கே என்றால், ஜூனில் வர வேண்டிய பணத்தை டிசம்பரில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுதான், செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ஆக, இந்தப் பிடி மார்ச் 31-ஐ ஒட்டி மட்டும் இறுகுகிறது. மார்ச் கடைசி வாரத்தில் அக்கவுண்ட்ஸிலிருந்து அவர்களாகவே போன் செய்து பாக்கி எவ்வளவு என்று கேட்பார்கள், ஏப்ரலில் பழைய வழக்கம் திரும்பிவிடும். சில இடங்களில் உத்யம் பதிவை (குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) விட்டுவிடுங்கள் என்று சப்ளையரிடம் கேட்டதும் உண்டு. உங்களிடம் அப்படி யாராவது கேட்டால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு உள்ள உரிமை முழுவதும் அந்தப் பதிவின் மேல்தான் நிற்கிறது. இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள், ஏனென்றால் பதிவுக்கு முன்பு அனுப்பிய சரக்குக்கு இந்த உரிமைகளைக் கேட்பது வழக்குச் சிக்கலில் போய் முடியும். 2025 ஏப்ரல் முதல் உள்ள வரையறைப்படி 10 கோடி விற்பனை வரை, இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி வரை இருந்தால் நீங்கள் குறுநிறுவனம். முதலீடு அதற்கு மேல் போனாலும் 25 கோடி வரை சிறு நிறுவனம். இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு.

இப்போது ட்ரெட்ஸ். ரிசர்வ் வங்கி 2014 இறுதியில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தேசியப் பங்குச் சந்தையும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து தொடங்கிய ஆர்எக்ஸ்ஐஎல் என்ற தளம் 2017 ஜனவரியில் முதலில் இயங்க ஆரம்பித்தது. அடுத்து இன்வாய்ஸ்மார்ட்டும் எம்1எக்ஸ்சேஞ்சும் வந்தன. வேலை செய்யும் விதம் எளிது. நீங்கள் பில்லை ஏற்றுகிறீர்கள். பார்ட்டி, ஆமாம், இந்தத் தொகையை இந்தத் தேதியில் தர வேண்டியது உண்மை என்று ஏற்கிறார். உடனே வங்கிகளும் என்பிஎஃப்சிகளும் (வங்கியல்லாத நிதி நிறுவனங்கள்) அந்த பில்லுக்கு ஏலம் கேட்கின்றன. யார் குறைந்த தள்ளுபடி கேட்கிறாரோ அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஓரிரு வேலை நாளில் பணம் கணக்கில் வந்துவிடுகிறது. கெடு நாளில் பார்ட்டி கணக்கிலிருந்து வங்கி எடுத்துக்கொள்கிறது. அன்று பார்ட்டி பணம் தராவிட்டாலும் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது.

இதன் அழகு எங்கே என்றால், வட்டியைத் தீர்மானிப்பது உங்கள் பெயர் அல்ல, உங்கள் பார்ட்டியின் பெயர். உங்களுக்கு 11 சதவீதம் கேட்கும் வங்கி, நல்ல ரேட்டிங் உள்ள அந்தப் பெரிய கம்பெனி தர வேண்டிய பணத்துக்கு 8 சதவீதம் கேட்கலாம். 10 லட்ச ரூபாய் பில், கெடுவுக்கு இன்னும் 90 நாள், 8 சதவீதம் என்றால் பிடித்தம் 19,700 ரூபாய் அளவுதான். அதே பணத்தை சிசியில் எடுத்தால் 27,000. சொத்துப் பத்திரம் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை. நாம் ஊரில் பில் டிஸ்கவுன்ட் செய்வதில் இருந்த பெரிய ஆபத்து, பார்ட்டி தராவிட்டால் நம் தலையில் விழும் என்பது. அது இங்கே இல்லை. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி, காப்பீட்டு நிறுவனங்களும் இதில் இயங்கலாம், வாங்கிய பில்லை மறுவிற்பனை செய்யவும் சந்தை நடத்தலாம் என்று கதவை இன்னும் திறந்துவிட்டது. நிதிச் சந்தை என்றால் பங்கு விலை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். ஒரு லேத் பட்டறையின் பில்லுக்கு நாட்டின் பெரிய வங்கிகள் போட்டி போட்டு விலை சொல்கின்றன. எனக்கு இது இந்தியாவில் செய்த மிக உருப்படியான நிதி ஏற்பாடுகளில் ஒன்று.

ஆனால் 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸில் சேர்வதுதான் கட்டாயம். 500 கோடியாக இருந்த வரம்பை 2024 நவம்பரில் குறைத்து, 2025 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். சேர்ந்த தனியார் கம்பெனி உங்கள் பில்லை ஏற்றே ஆக வேண்டும் என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. பதிவு எண் வாங்கி வைத்துவிட்டு ஒரு பில்லையும் ஏற்காமல் இருக்கலாம். ஏன் ஏற்க மாட்டார்கள்? ஏற்றுவிட்டால் கெடு நாள் கல்லில் எழுதியதாகிவிடும். அன்று கணக்கிலிருந்து பணம் போய்விடும், பேமென்டை அடுத்த சுற்றுக்குத் தள்ள முடியாது. அவர்கள் விட மறுப்பது அந்தத் தள்ளிப்போடும் வசதியை.

இங்கேதான் தொழில்நுட்பம் கைகொடுக்க முடியும். அதற்கு வேண்டிய எல்லாமே கையில் இருக்கிறது. 5 கோடிக்கு மேல் விற்பனை என்பதால் 2023 ஆகஸ்டிலிருந்து நீங்கள் இ-இன்வாய்ஸ் போடுகிறீர்கள். ஒவ்வொரு பில்லுக்கும் அரசுத் தளமே ஐஆர்என் என்ற தனி அடையாள எண் தருகிறது, எனவே பில் போலியா, இரண்டு இடத்தில் அடகு வைத்ததா என்ற சந்தேகத்துக்கு இடம் குறைவு. 2024 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி தளத்தில் இன்வாய்ஸ் மேலாண்மை வசதி வந்திருக்கிறது. அதில் பார்ட்டி உங்கள் பில்லை ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும், வரி வரவும் அவருக்குக் கிடைத்துவிடும். 2006 சட்டமும் இதையே சொல்கிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே பொருள்.

அப்படியென்றால் ஒரே பில்லை வரிக்காக ஏற்றுக்கொண்டவர், பணத்துக்காக மட்டும் இன்னும் ஏற்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற பில், சட்டப்படி 15 நாள் கடந்த பில், தானாகவே ட்ரெட்ஸிலும் ஏற்ற பில்லாக வந்து நிற்க வேண்டும். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். இது கனவு அல்ல. சிலி நாட்டில் 2004இல் இப்படி ஒரு சட்டம் வந்தது. பில் கிடைத்த 8 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றதாகிவிடும், அந்த பில்லை விற்பவர் யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். மெக்சிகோவில் நாஃபின் என்ற அரசு வளர்ச்சி வங்கி 2001லேயே இணையத்தில் சப்ளையர் பில்களுக்குப் பணம் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. யுபிஐ போன்ற ஒன்றை 2016இல் தொடங்கி, இன்று தெருவோரக் கடையில்கூட நொடியில் பணம் மாறும் நிலைக்குக் கொண்டுவந்த நாட்டுக்கு, இரண்டு அரசுத் தளங்களைப் பேசவைப்பது பெரிய வேலை அல்ல. கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கங்கள் வட்டி மானியம் கேட்பதைவிட இதைக் கேட்டால் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

ஐபிஓ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012இல் தொடங்கிய எஸ்எம்இ சந்தைகள் நல்ல நோக்கத்தில் வந்தவை, நல்ல கம்பெனிகள் சில அங்கிருந்து வளர்ந்திருக்கின்றன. ஆனால் 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு பைக் ஷோரூம் நடத்தும் ஒரு கம்பெனி 12 கோடி கேட்க, 4,700 கோடிக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. அப்படிப் பணம் வந்து கொட்டுவதைப் பார்த்துத்தான் உங்களிடமும் வருகிறார்கள். செபி அந்த ஆண்டு இறுதியில் விதிகளை இறுக்கியது. கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டாவது 1 கோடி செயல்பாட்டு லாபம் வேண்டும், புரமோட்டர் தன் பங்கை விற்பது வெளியீட்டில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றெல்லாம். தகுதி இருந்தாலும் போகாதீர்கள் என்பேன். பங்கு மூலதனம் என்பது நிரந்தரமாக உங்கள் கம்பெனியின் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கும் பணம். புது லைன் போட, சொந்தப் பொருள் கொண்டுவர அதை வாங்கலாம். பார்ட்டி நான்கு மாதம் தாமதமாகத் தருவதைச் சமாளிக்க வாங்கினால், உங்கள் பங்கை விற்று அவருக்கு இலவசக் கடன் கொடுத்ததாகும்.

பங்குச் சந்தையை நீங்கள் வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். உங்கள் பார்ட்டி பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால் ஆண்டறிக்கையை இறக்கிப் பாருங்கள். கணக்குக் குறிப்புகளில் வணிகக் கடன் பாக்கி என்ற பகுதியில், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியது தனியாக இருக்கும். 2021-22 கணக்கிலிருந்து அது எவ்வளவு காலப் பாக்கி என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். தாமதத்துக்கான வட்டி எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். 45 நாள் தாண்டிய பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்கும் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு 120 நாளில் பணம் தருபவர் இந்த இடங்களில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் பாக்கி அந்த வரியிலேயே இல்லை என்றால், அவர்கள் கணக்கில் நீங்கள் சிறு நிறுவனமாகப் பதிவாகவில்லை என்று பொருள். உத்யம் சான்றிதழை மெயிலில் அனுப்பி, எங்கள் பெயரைச் சரியான பிரிவில் சேர்க்கவும் என்று ஆடிட்டர் மூலமாகக் கேளுங்கள். இது புகார் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் அந்த மெயிலுக்குப் பிறகு அவர்கள் ஆடிட்டர் உங்கள் பாக்கியைக் கேள்வி கேட்பார். ஒரு சப்ளையர் உறவைக் கெடுக்காமல் கொடுக்கக்கூடிய அழுத்தங்களில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

சாஃப்ட்வேர்காரரிடம் ஒன்று கேளுங்கள். பில் ஏன் நிற்கிறது, ஜிஆர்என் ஆகவில்லையா, விலை ஒத்துப்போகவில்லையா என்று பார்ட்டியின் சிஸ்டத்துக்குள் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது அழகாக நினைவூட்டல் மெயில் அனுப்பும், அவ்வளவுதான். அந்த வேலையை உங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாரத்தில் அரை நாள் செய்தால் போதும். சரக்கு போன மூன்றாம் நாள் ஜிஆர்என் எண் வாங்குவது, பத்தாம் நாள் பில் புக் ஆனதா என்று கேட்பது. இரண்டே கேள்வி. 120இல் இருபது, முப்பது நாள் இதிலேயே குறையும்.

ட்ரெட்ஸ் தொடங்கும்போது எல்லாப் பார்ட்டியிடமும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டாம். பொதுத்துறை நிறுவனம் அல்லது நல்ல ரேட்டிங் உள்ள கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பர்ச்சேஸில் அல்ல, நிதிப் பிரிவுத் தலைமையில் பேசுங்கள். தள்ளுபடிச் செலவை நானே ஏற்கிறேன், உங்கள் கெடு நாள் மாறாது, எனக்கு மட்டும் முன்கூட்டியே பணம் வரும் என்று சொல்லுங்கள். எழுத்தில் 60 நாள் என்று இருந்தால் 45 ஆக்கச் சொல்லிக் கேட்க நல்ல நேரமும் அதுதான். அதற்கு முன் உங்கள் வங்கி மேலாளரைப் பாருங்கள். சிசி லிமிட்டுக்கு உங்கள் வரவேண்டிய பாக்கிகள் அனைத்தும் ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும். அந்தப் பார்ட்டியின் பில்களை மட்டும் விடுவித்து என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்க வேண்டும், அதற்கேற்ப டிராயிங் பவரும் குறையும். என்ஓசிக்கு வங்கிகள் நேரம் எடுக்கும். ஆகவே வங்கியில் அந்த மனுவை முதலில் கொடுத்துவிட்டு, பார்ட்டியிடம் அப்புறம் பேசப் போங்கள்.